ஒரு மைலுக்கு எத்தனை சுற்று

அளக்கும் சக்கரம் என்னுடையது.
அடிக்கு ஒரு முறை டிக் என்னும்.
டொலீடோவைத் தாண்டி நெடுஞ்சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில்
சிக்கமோர் மாலில் வேலைக்குச் சேர்ந்த வாரம்
முதன்முதலாக எழுதியது இந்தப் பலகையைத்தான்:
இரண்டரைச் சுற்று, ஒரு மைல்.

கடைகள் திறக்கப் பத்தாகும்.
நான் ஏழுக்கே கதவைத் திறந்துவிடுவேன்.
இடையில் உள்ள மூன்று மணிநேரமும்
எதையும் வாங்க வராதவர்களுக்கு.
நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்ட டெல்ஃபின் வோய்சிக்,
கண்ணாடி ஆலையில் முப்பது வருடம் நின்ற இடத்திலேயே நின்ற
ஓட்டிஸ் பிராம்லெட்,
ஒருவரோடு ஒருவர் பேசாமல்
ஒரே வேகத்தில் நடக்கும் ஹலாஸ் சகோதரிகள்.

முதலில் வடகோடியின் பெரிய கடை போயிற்று.
மெத்தை, வாசனைத் திரவியம், குளிர்காலக் கோட்டு எல்லாம் விற்று
கடைசியில் துணி மாட்டிய பொம்மைகளையும் விற்றார்கள்.
கை இல்லாதது பன்னிரண்டு டாலர்.
எழுத்துகளைக் கழற்றி இறக்கினேன்.
சுவரில் வெயில் படாத நிறத்தில்
அதே பெயர் இருந்தது.
ப்ளைவுட் அடித்தேன், அளந்தேன்.
நான்கு.

பிறகு உணவுக்கூடத்தின் கூரை.
ஒழுகும் இடத்தில் வாளி வைத்தேன்,
வாளி நிரம்பும் இடத்தில் தொட்டி வைத்தேன்,
மார்ச் மாத மழைக்கு அதுவும் போதாமல்
நாற்காலிகளைக் கவிழ்த்து மஞ்சள் நாடா கட்டினேன்.
சோயோங் பெக் மட்டும் தன் பிரெட்ஸல் அடுப்பை
செருப்புக் கடையோரம் உருட்டிக்கொண்டு வந்தார்.
"இங்கேயும் ஒழுகுமா, எமெட்?"
"இன்னும் இல்லை" என்றேன்.
ஏழு.

உரிமையாளர் மூன்று முறை மாறிவிட்டார்.
மூவரின் முகமும் எனக்குத் தெரியாது,
மூவருக்கும் மின்கட்டணம் தெரியும்.
நீரூற்றை நிறுத்தச் சொல்லி அஞ்சல் வந்தது.
வற்றிய தொட்டியில் முட்டிபோட்டுச் சில்லறை பொறுக்கினேன்:
அறுபத்தொரு டாலர், பதினான்கு சென்ட்,
ஒரு கனடா நாணயம், ஒரு கோட்டுப் பொத்தான்.
பொத்தானைப் போட்டவர் என்ன கேட்டிருப்பார்?
பணத்தை 'இதர வருமானம்' என்று எழுதி அனுப்பினேன்.
பொத்தான் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

மேற்குப் பக்கத்தின் ஹீட்டரையும் அணைத்த டிசம்பரில்
மிஞ்சியது
பல் மருத்துவமனையிலிருந்து பிரெட்ஸல் அடுப்புவரை.
பதினொன்று.
பலகையில் வெள்ளையடித்து மாற்றி எழுதினேன்.
ஏழும் நான்கும் இரண்டரையும்
அடியிலிருந்து இன்னும் தெரிந்தன.

ஓட்டிஸ் நின்று படித்தார்.
"எல்லாவற்றுக்கும் எழுபது சதவீதம் தள்ளுபடி,
மைலுக்கு மட்டும் கிடையாதா?"
யாரும் சிரிக்கவில்லை. ஹலாஸ் அக்காதான்
அடுத்த திருப்பத்தில், தாமதமாக,
தனக்குள் சிரித்துக்கொண்டார்.
தங்கை அதைப் பார்த்துவிட்டார்.

ஒரு மைலுக்குப் பதினொரு முறை சோயோங்கைக் கடந்தார்கள்.
முதல் முறை வணக்கம்,
இரண்டாம் முறை புன்னகை,
அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல்
அவர் மாவைப் பார்ப்பார், இவர்கள் தரையைப் பார்ப்பார்கள்.
ஆறாவதில் மறுபடி பேச ஏதாவது கிடைக்கும்.
அப்படித்தான் தெரியவந்தது,
அவருடைய மகன் கடற்படையில் இருப்பதும்,
டெல்ஃபினுக்கு உப்பு ஆகாது என்பதும்.
உப்பில்லாத ஒன்று தனியாக வேகத் தொடங்கியது.

ஜனவரி முப்பத்தொன்றில் பூட்டினேன்.
சாவியைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.
சக்கரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வெளியே நாலாயிரம் கார்களுக்கான கோடுகள்.
குவித்துத் தள்ளிய பனியின்மேல்
ஏரியிலிருந்து வந்த கடற்காக்கைகள்,
பிரெட்ஸல் துணுக்கு பழகியவை.
விளக்குக் கம்பங்களை ஒட்டியே தள்ளிக்கொண்டு போனேன்,
காற்றில் டிக் கேட்கவில்லை, எண் மட்டும் ஏறியது.
கிளம்பிய இடத்துக்கே வந்து பார்த்தால்
ஐயாயிரத்து முந்நூற்றுப் பத்து.

காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்த டெல்ஃபின்
கண்ணாடியை இறக்கினார்.
"எத்தனை?"
"ஒன்று. ஒரே சுற்று.
முப்பது அடி அதிகமாக இருக்கிறது,
அதை என்ன செய்வதென்று தெரியவில்லை."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.
"காருக்குத் திரும்பி வர வேண்டாமா?" என்றார்.