அரைப்பேர்

மடுவத்துத் தராசில்
யோகமலரின் சாக்கு ஒன்பதில் நின்றது.
பதினெட்டுக்கு ஒரு பேர்.
ஒன்பதுக்கு அரை.
கணக்கப்பிள்ளை பென்சிலை நக்கி எழுதினார்.

முன்னே நிறுத்தவள் பின்னே வந்திருந்தாலும்
லொறியில் ஏறும் கொழுந்து அதே கொழுந்துதான்.
கூட்டுகிற ஒழுங்கு கூட்டுத்தொகையைத் தொடாது.
இதை ஏபெலியன் கூட்டம் என்று
பேராதனையில் வெண்கட்டித் தூசிக்குள் படித்தேன்.
இங்கே வெறும் அந்திக் கூட்டம்.

பொகவந்தலாவையில் மூன்று நாளாக மழை.
ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம்
கம்பளிக்குள் என்னோடு படுத்திருக்கிறது.
மூடல் செயலிகள் என்று தலைப்பு.
ஓர் உபகூட்டத்தைக் கொடுத்தால்
அதை அடக்கிய ஒன்றைத் திருப்பித் தரும்;
உள்ளே இருந்த எவரையும் வெளியே தள்ளாது.
நான் எடுத்துக்கொண்டது இப்படி:
உன்னை உன்னோடே சில தடவை கூட்டி
என்றைக்காவது உள்ளே வந்து விழுவாயானால்
நீ இப்போதே உள்ளேதான்.
எத்தனை தடவை என்று அது கேட்பதில்லை.

"வரவுக் காசுக்கு அரைப்பேர் சேராது,
முழுப்பேர் மட்டுந்தான்" என்றார் கணக்கப்பிள்ளை.
"ரெண்டு அரை ஒண்ணு இல்லீங்களா?"
அவர் குடையை விரித்தார்.

பதினொரு பக்கத்தில் நான் எழுதிய வரைவிலக்கணம்
அவள் வாயில் நாலு சொல்லாக இருந்தது.

ராத்திரி ஐந்தாம் துணைத்தேற்றம்:
மூடியதை மறுபடி மூடினால்
புதிதாய் ஒருவரும் வரமாட்டார்.
இத்தனை தடவை, பிறகு அத்தனை தடவை,
பெருக்கினால் ஒரே எண். இரண்டு வரி நிறுவல்.
ஒரு தடவை போதும் என்று காட்டிவிட்டேன்.
அந்த ஒரு தடவைதான் செக்ரோலில் நடக்கவில்லை.

இன்னொரு விதியும் உண்டு.
எந்தச் சார்பின் வழியே எங்கே அனுப்பினாலும்
மூடலில் இருந்தவர்
போன இடத்து மூடலில்தான் இறங்குவார்.
யோகமலரின் மகன் வெள்ளவத்தையில்
அரைநாள் சம்பளத்துக்குக் கடையில் நிற்கிறான்.

விடியலில் மூடுபனி.
லயம் தெரியவில்லை, மடுவம் தெரியவில்லை.
இருமல் ஒன்று மட்டும்
படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறியது.

விளக்கை அணைக்குமுன் ஓர் எடுத்துக்காட்டுச் சேர்த்தேன்:
முழு எண்களுக்குள் பதினெட்டின் மடங்குகளை எடுத்து மூடு.
ஒன்பது வரும். ஏழு வரும்.
அடைமழை நாளின் ஒற்றைக் கிலோவும் வரும்.
எதுவும் வெளியே மிஞ்சாது.

பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையால் கேட்பார்:
ஏன் பதினெட்டு? இரண்டே போதுமே.