பின்பாரம்

வண்டி டுவேனுடையது.
லேத் என்னுடையது.
நீதிபதி அப்படித்தான் பிரித்தார்,
ஒரே பத்தி, இரண்டு வரி.
டிரெய்லர் வாடகைக்கு; அது பாதிப்பாதி.

டொலிடோவிலிருந்து போக்கடெல்லோ வரை
ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் மைல்.
வேறொருவனை அமர்த்த என்னிடம் பணமில்லை.
தன் பிக்கப்பை வேறொருவர் ஓட்ட
டுவேனுக்கு மனமில்லை.
ஆகவே மார்ச் மாதத்து இருட்டில்,
விவாகரத்தாகி ஏழாம் மாதம்,
ஒரே ஹீட்டருக்கு முன்னால் இருவரும்.

லேத்துக்குத் தலைப்பக்கம்தான் கனம்.
மோட்டார், கியர்ப்பெட்டி, சக் எல்லாம் அந்த முனையில்.
"தலை முன்னால் இருக்கட்டும்" என்றேன், ஏற்றும்போது.
"பின்னால் இருந்தால் இறக்க லேசு" என்றான்.
அந்த இயந்திரத்தில் பதினாறு வருஷம் கடைந்தவள் நான்.
பட்டையை இறுக்கினேன்,
வாயையும்.

நூறு மைலுக்கு ஒருதரம் நிறுத்தினோம்.
இடச்சக்கரம் அவன், வலச்சக்கரம் நான்.
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல்
புறங்கையை அச்சுக்குடத்தில் வைத்து
"சூடில்லை."
"இங்கேயும் இல்லை."
அயோவா முழுக்க இவ்வளவுதான் பேச்சு.

நெப்ராஸ்காவில், கியர்னி தாண்டி, ஓர் இறக்கம்.
கண்ணுக்குத் தெரியாது,
தண்ணீர்தான் கண்டுபிடிக்கும்.
அறுபத்து மூன்று மைல் வேகம்.
மாடேற்றிய லாரியொன்று எங்களை முந்த,
டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது.
முதலில் சும்மா. பிறகு பக்கத்துத் தடம் வரைக்கும்.
வலக் கண்ணாடியில் என் லேத்,
காணோம்,
இடக் கண்ணாடியில் என் லேத்.
டுவேனின் கால் பிரேக்குக்குப் போனது.
"மிதிக்காதே, மிதிக்காதே."
மிதிக்கவில்லை.
அவன் முழங்காலுக்கு மேலே இருந்த
டிரெய்லர் பிரேக்கின் நெம்பை
நான் எட்டி அழுத்தினேன்.
மூக்கணாங்கயிற்றைச் சுண்டிய மாடுபோல
அது நேரானது.

ஓரங்கட்டிய பிறகு வெகுநேரம்
வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
மழையில்லை.

ஆர்லன் ஸ்வோபோடாவிடம் ஃபோர்க்லிஃப்ட் இருந்தது,
மூன்று மாடி உயரத் தானியக் குதிர்களின் நிழலில்.
தூக்கி, திருப்பி, ஓர் அடி முன்னால் தள்ளி வைத்தோம்.
பிக்கப்பின் பின்புறம் அமுங்கிற்று.
"இப்போதுதான் சுமக்கிறது" என்றான் டுவேன், யாருக்கோ.
இதில் உவமை எதையும் தேடாதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
லேத்தைத்தான் திருப்பினோம்.

ஸ்வோபோடா காசு வாங்கவில்லை.
உள்ளே போய், தேய்ந்துபோன தண்டொன்றைக்
கோணியில் சுற்றி எடுத்து வந்தார்.
"பேரிங் உட்காருகிற இடம் போச்சு. முடியுமா?"
நகத்தால் பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன்.
"வெல்டு வைத்துக் கடைந்தால் முடியும்.
ஒரு மாதம் ஆகும்."
ஒரு மாதத்தில் விதைப்பு, என்றார்.
"அப்படியானால் மூன்று வாரம்."
தண்டைக் காலடியில் வைத்துக்கொண்டேன்.
என் முதல் வேலை;
கடைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

வயோமிங்கில் காற்று
லாரிகளையே சாய்த்துப் பார்த்தது.
எங்கள் டிரெய்லர் அசையவில்லை.
எல்க் மலைக்கு முன்னால் டுவேன் நிறுத்தி,
இறங்கி, சுற்றி வந்து,
என் பக்கக் கதவைத் திறந்தான்.
சாவி வண்டியிலேயே இருந்தது.
பதினாறு வருஷத்தில் ஒருநாளும் நடக்காதது:
நான் ஓட்டினேன், அவன் தூங்கினான்,
தண்டின்மேல் காலை நீட்டி,
வாயைத் திறந்துகொண்டு.

போக்கடெல்லோவில் லேத் இறங்கியதும்
பிக்கப் நான்கு விரற்கடை எழும்பியது.
போனட்டின்மேல் ரசீதுகளைப் பரப்பிக் கூட்டினோம்.
டீசல், வாடகை, ஒரு பட்டை, காப்பி.
தலைக்கு நானூற்றுப் பதினொரு டாலர்.
"பதினொன்றை விடு" என்றான்.
விடவில்லை.
பத்து ஒரு தாள்,
ஒன்று, நான்கு கால்டாலர்களாக,
கையில் எண்ணிக் கொடுத்தேன்.
உள்ளங்கை சூடாக இருந்தது.
நான் எதுவும் சொல்லவில்லை.