பொது நாட்குறிப்பு

ஏழு மாதப் பயிற்சியில்
கயிறு ஏறினேன், கவாத்து பழகினேன்,
சட்டப் பிரிவுகளைச்
சோற்று வரிசையிலும் முணுமுணுத்தேன்.
அடிபட்டவனிடம் பெயர் கேட்பது எப்படி?
அதற்கு வகுப்பில்லை.

வைகை வடகரை ஸ்டேஷன். இரவு இரண்டு பத்து.
கேமரா சுவரைப் பார்க்கிறது.
"அது போன மாசமே ரிப்பேரும்மா,
அதெல்லாம் எழுதாதே" என்கிறார் ரைட்டர்.

உசிலம்பட்டிப் பக்கம்
ரேகைச் சட்டக் காலத்தில்
என் பூட்டன்
ராத்திரிதோறும் ஸ்டேஷனில் கட்டைவிரல் உருட்டினான்.
தன்னைப் பற்றி எழுதியதை
அவனால் வாசிக்க முடியாது.

எழுதுகிறேன்:
தவசி, வயது பத்தொன்பது. இடது காதில் ரத்தம்.
அழைத்து வந்தபோது இல்லை.
கேமரா ஓடவில்லை.
கீழே பெயர், நம்பர்: ஒச்சம்மாள், 2217.

ரைட்டர் இரண்டு தடவை படித்தார்.
நாளை எனக்குக்
கோரிப்பாளையம் சிக்னலில்
உச்சிவெயில் டூட்டி.