காலி எடை

புதுவயல். ரைஸ் மில் எடைமேடை அறை. இரவு ஒன்றரை.
நெல் லாரி இனி மூன்று மணிக்குத்தான்.

கல்லுக்கட்டியில் எண்ணூறு ரூபாய்க்கு வாங்கிய மடிக்கணினி.
ஹார்டு டிஸ்க் கிடையாது.
இருந்தது. மில் அதிர்கிற அதிர்வில்
ஆடி மாதம் கரகரவென்று நாலு நாள் இழுத்துக்கொண்டிருந்து
போய்ச் சேர்ந்தது.
விசிறிக்குள் தவிடு.
யுஎஸ்பி ஓட்டை மூன்றில் உயிரோடிருப்பது ஒன்று.
நினைவகம் அரை ஜிபி.
இதை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்க வேண்டும்,
வேறொன்றும் வேண்டாம்.

சீட்டு அடிக்கிற கணினி பக்கத்திலேயே இருக்கிறது, புதுசு.
அதில் பாட்டுப் போட்டால் முதலாளி
என்னையே மேடையில் ஏற்றி நிறுத்திவிடுவார்.

மூன்று பென்டிரைவ், மூன்று லினக்ஸ்.
அமராவதிபுதூர் உமையாள் இறக்கிக் கொடுத்தாள்.
"எதையும் இன்ஸ்டால் பண்ணாதே.
செருகு, ஓட்டு, பிடுங்கு."
எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.
எடை போட்டேன்.

முதலாவது இருபது எம்பி சொச்சம்.
அவ்வளவு இலேசு, சத்தமே இல்லை.
சத்தம் வேண்டுமானால் தனியாக ஏற்ற வேண்டுமாம்,
அதற்கு நெட் வேண்டுமாம்.
இங்கே சிக்னல் ஒரு கோடு,
அதுவும் உமிக் குவியல் மேல் ஏறி நின்றால்.

இரண்டாவது முப்பத்தைந்து. வந்தது, பாடவும் பாடியது.
சோதிக்கவென்று ஒரு தவில் தனி வைத்திருக்கிறேன்,
குன்றக்குடியில் கூட்டத்துக்குள் நின்று போனில் பிடித்தது.
திக்கினால் அதில் தெரிந்துவிடும்.
திக்கியது.
மூட்டை மேல் படுத்திருந்த சேவுகன் மட்டும்
"அந்த எடம் நல்லா விழுந்துச்சே, இன்னொருக்கா போடு" என்றான்.

மூன்றாவதன் பெயர் பப்பி. நூற்றுமுப்பது எம்பி.
முழுசையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்வதற்குள்
நான் டீயைக் குடித்து டம்ளரையும் கழுவிவிட்டேன்.
சவுண்டு கார்டு கிடைத்ததும் குரைத்தது.
ஒரே ஒரு குரை. ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில்.
உமியில் சுருண்டிருந்த நாலு நாயும் எழுந்து பதில் சொல்லின.
கண்டனூர்ப் பக்கமிருந்து இன்னும் சில.
யாரோ வந்துவிட்டார்கள் என்று
சேவுகன் கம்போடு ஓடினான்.

பென்டிரைவைப் பிடுங்கினேன். பப்பி சாகவில்லை.
அதே ஓட்டையில் பாட்டு பென்டிரைவைச் செருகினேன்.
தவில் ஒரு மணி சிந்தாமல் உருண்டு முடிந்தது.
"அந்த எடம் வரலையே" என்றான் சேவுகன்.

விடியலில் அணைக்கும்போது கேட்கும், சேமிக்கவா என்று.
வேண்டாம் என்பேன்.
எதை இரண்டு தரம் கேட்டேன்,
எதைப் பாதியில் நிறுத்தினேன்,
எல்லாம் போகட்டும்.
சரக்கு இறக்கிய லாரி
காலி எடைக்கு மறுபடி மேடையேறும்.
ஒருநாளும் ஒரே எடை காட்டியதில்லை.
டிரைவரின் பாய், ஸ்டவ், நனைந்த தார்ப்பாய்,
அங்கங்கே பத்து கிலோ, இருபது கிலோ.
இது ஒன்றுதான் தினமும் அதே எடையில் வந்து நிற்கிறது.

மறுநாள் இரவு முதலிலிருந்து கேட்கும்,
எந்த ஊர் நேரம் என்று.
பட்டியலில் புதுவயல் இல்லை. சென்னைகூட இல்லை.
கொல்கத்தா என்று சொல்லிவிட்டு
சத்தத்தைக் கூட்டுவேன்.
நாய்கள் இப்போது எழுவதில்லை.
ஒன்று மட்டும் காதைத் தூக்கிப் பார்க்கும்.

உமையாளிடம் இரண்டு பென்டிரைவைத் திருப்பிக் கொடுக்கவேண்டியது,
ஒன்றைத்தான் கொடுத்தேன்.
திக்குகிறது இங்கேயே இருக்கிறது.
வெள்ளிக்கிழமைகளில் சேவுகனுக்கு அது.