எத்தனை கரண்டி

கதவில் பதினேழு என்று எண்.
அதற்கு முன் அவருக்கிருந்த எண்
சட்டைக் காலரின் உட்புறம்
கறுப்பு மையில் எழுதியிருந்தது.

இட்வல். வயது முப்பத்தெட்டு.
ஏழு வயதில்
மலைக்கு அந்தப் பக்கம்
பெரிய ஆஸ்பத்திரிக்குள் போனவர்.
கற்றலில் குறைபாடு என்றது கோப்பு.
அதற்கடியில் அடித்துவிட்ட பழைய சொல்லும்
வெளிச்சத்தில் பிடித்தால் வாசிக்கக் கிடைத்தது.

எனக்கு இருபத்திரண்டு. முதல் வேலை.
மூன்று நாள் பயிற்சி, ஒரு சைக்கிள்,
ஸ்லேட் கூரைகள் மேல்
வடக்கு வேல்ஸின் ஓயாத மழை.

முதல் மாலை தேநீர் போட்டேன்.
"சர்க்கரை எத்தனை கரண்டி?"
சுவரைப் பார்த்தார்.
பிறகு கதவை. பிறகு என் கையை,
சரியான விடை
அதற்குள் ஒளிந்திருப்பதுபோல.

அங்கே தேநீர் அண்டாவில் வரும்,
பாலும் சர்க்கரையும் கலந்தே.
நூற்றிருபது பேருக்கு
ஒரே இனிப்பு.
முப்பத்தொரு வருஷம்
யாரும் அவரிடம் கேட்காததை
நான் போகிற போக்கில் கேட்டுவிட்டேன்.

இரண்டு போட்டேன். குடித்தார்.
மறுநாளும் கேட்டேன். மறுநாளும் சுவர்.

வீட்டுச் சாவியைக் கையில் வைத்தேன்;
சூடுபட்டவர்போலத் திருப்பித் தந்தார்.
சாவி என்பது அவருக்கு
அடுத்தவர் இடுப்பில் குலுங்கும் சத்தம்.
நான்காம் வாரம் வாங்கிக்கொண்டார்.
அன்று பதினொரு முறை பூட்டித் திறந்தார்.
மழையில் நின்று எண்ணினேன்.

தெருவில் ஒரு மனு சுற்றியது.
முதல் கையெழுத்து
பத்தொன்பதாம் எண் ஹைல்வென் பிரிச்சர்ட், பச்சை மையில்.
"அவர்கள்மேல் எங்களுக்கு வெறுப்பில்லை, ஆனால்"
அந்த ஆனாலுக்குப் பிறகு
முக்கால் பக்கம்.

செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வரும்.
அவருக்கு யார் சொன்னார்களோ,
விடியுமுன் எழுந்து
தெரு முழுவதன் தொட்டிகளையும் இழுத்து வந்து
உயர வரிசையில் நிறுத்தியிருந்தார்,
பள்ளிக்கூடப் புகைப்படத்துக்கு நிறுத்துவதுபோல.
ஹைல்வென் என் சைக்கிளை மறித்தாள்.
"யாரைக் கேட்டு என் தொட்டியைத் தொட்டார்?"
அவர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.
கேள்வி என்னிடம்தான்.

அடுத்த செவ்வாயும் இழுத்தார்.
அதற்கடுத்ததும்.

பிப்ரவரியில் காய்ச்சல் விழுந்தது.
அந்தச் செவ்வாய்
ஒரு தொட்டியும் நகரவில்லை.
வண்டி வந்தது, தயங்கியது, போய்விட்டது.
பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம்.
ஹைல்வென்.
கையில் சூப் இல்லை, மன்னிப்பும் இல்லை.
"எங்கே அவர்?"

போர்வையோடு இறங்கி வந்தார்.
மூவரும் சமையலறையில் உட்கார்ந்தோம்
பேச எதுவுமில்லாமல்.
கெட்டில் கொதித்தது.
பழக்கத்தில் கேட்டேன்: "எத்தனை கரண்டி?"
பழக்கத்தில்
இரண்டாவது கரண்டிக்கும் கை போயிற்று.

"வேண்டாம்."

"ஒன்று போதுமா?"

"வேண்டாம். சர்க்கரை பிடிக்காது."

அறுபத்திரண்டு நாள்.
விடைக்குக் காத்திராமல்
நானும் அண்டாவிலிருந்துதான்
ஊற்றிக்கொண்டிருந்தேன்.
கோப்பையைக் கழுவி
மறுபடி போட்டேன்.
குழாயடியில் கொஞ்சம் அதிகநேரம் நின்றேன்.

"எனக்கு மூன்று" என்றாள் ஹைல்வென்.
அவர் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்தக் கையெழுத்தை
அவள் திரும்பப் பெறவேயில்லை.
நகராட்சி அலமாரி எதிலோ
பச்சை மை இன்னும் இருக்கலாம்.

மறு செவ்வாய்
தொட்டிகள் மறுபடி வரிசையில்.
அவளுடையது குட்டை.
கடைசியில் நின்றது.
வாசலுக்கு வந்து பார்த்தாள்.
என்னைக் கடந்து நடந்தாள்.
"இதென்ன, என்னுடையது மட்டும் கடைசியில்?"
என்று கேட்டாள்,
அவரிடம்.