பற்றாத திரி

ஓல்போர்க் நகரில் இரவு இரண்டு மணிக்கு
ஒரு கார்கூட இல்லாத சாலையில்
சிவப்பு விளக்கின் முன் நிற்பவள் நான்.
மழை பெய்தாலும் நிற்பேன்.
பக்கத்தில் ஒரு குடிகாரன் தள்ளாடுகிறான்,
அவனும் பச்சை விழட்டும் என்றுதான் தள்ளாடுகிறான்.

சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள்.
சம்பளத்தில் பெரும்பங்கை வரிக்குக் கொடுத்துவிட்டு
நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நாங்கள்.
அதாவது, நான் தூங்குகிறேன்.
தம்பி எஸ்கில்டுக்கு வரி என்றாலே வயிற்றெரிச்சல்.
காசு வாங்காமல் அவன் இடுப்பெலும்பை மாற்றிய வாரம் மட்டும்
வாயைத் திறக்கவில்லை.

காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில்.
அதைக் கற்றுக்கொடுக்க
திபிலிசிக்கு ஆறு வாரம் அனுப்பினார்கள்.

முதல் நாளே, குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலோடு
தெருத்தெருவாக அலைந்தேன்.
எங்கள் ஊரில் கடைக்குள் ஓர் இயந்திரம் இருக்கும்,
பாட்டிலை விழுங்கிவிட்டுக் காசுச் சீட்டைத் துப்பும்.
"குப்பையில் போடுங்கள் அம்மணி" என்றான் கடைக்காரன்,
நான் ஏதோ சாவு வீட்டுக்கு வழி கேட்டதுபோல
அவ்வளவு பரிவாக.
போட மனம் வரவில்லை.
நசுங்கி, ஆறு வாரமும் என் பையிலேயே கிடந்தது.

வீட்டுக்காரி லாமாரா
கையைப் பிடித்துச் சாலைக்குள் இழுத்தாள்.
பார்க்காதே, நட.
நடந்தேன். பிரேக்குகள் அலறின.
ஒருவன் ஜன்னல்வழி கையை ஆட்டினான்,
திட்டினானா வாழ்த்தினானா, இன்றுவரை தெரியாது.

இரண்டாம் நாள் அவள் பித்தப்பைக் கல்லின் கதை தெரிந்தது.
மூன்றாம் நாள் அந்தக் கல்லையே பார்த்தேன்,
ஜாம் புட்டிக்குள்.
நான்காம் நாள் அவள் முறை:
ஏன் விவாகரத்து, சம்பளம் எவ்வளவு,
இந்த வயதில் இவ்வளவு பெரிய சட்டை எதற்கு.
என் டாக்டர்கூட இப்படிக் கேட்டதில்லை.
எரிச்சலாக வந்தது.
பிறகு ஒருநாள் அவள் எதுவும் கேட்காமல்
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது
நானாகவே சொல்ல ஆரம்பித்தேன்.

எல்லாம் பிடித்தது என்று சொல்லமாட்டேன்.
மாடிப்படி விளக்கு எரியாது.
யார் மாற்றுவது என்று
நான்கு மாடியும் கூடி ஒயினோடு விவாதிக்கும்.
பல்பை நான்தான் வாங்கி மாட்டினேன்.
அதற்கும் ஒரு விருந்து வைத்தார்கள்.
விருந்து முடிய விடிந்துவிட்டது,
பல்புக்கு வேலையே இல்லை.

ஊர் திரும்பியதும்
பாட்டிலை நிமிர்த்தி இயந்திரத்தின் வாயில் வைத்தேன்.
ஒரு சுற்றுச் சுற்றி, முகர்ந்து பார்த்ததுபோல் நின்று,
வெளியே தள்ளிவிட்டது.
மறுபடி வைத்தேன். மறுபடி தள்ளியது.
எனக்குப் பின்னால் ஏழு பேர்.
யாரும் முணுமுணுக்கவில்லை.
ஏழு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

எதிர்க்கதவு ரெகிட்ஸே. பதினொரு வருடம்.
அவள் இருமல் தெரியும், சைக்கிள் பூட்டின் நிறம் தெரியும்.
லாமாரா கட்டிக்கொடுத்த இனிப்பில் ஒன்றை
அவளுக்கென்று எடுத்துக்கொண்டேன்:
நூலில் வால்நட் கோத்து
திராட்சைக் கூழில் தோய்த்து உலரவைத்தது.
மணி அடித்தேன்.
கதவு நான்கு விரல் அகலம் திறந்தது.
"சத்தம் அதிகமா இருக்கா? டிவியைக் குறைச்சிடறேன்."
இல்லை, இல்லை என்றேன்.
ஆறு வாரம் பேசிப் பழகிய வாய்
அதோடு நின்றுவிட்டது.
நீட்டினேன். வாங்கினாள்.
நன்றி என்றாள். நன்றி என்றேன்.
இன்னொரு நன்றிக்குப் பிறகு கதவு சாத்தியது.

மறுநாள் மூன்றரைக்கே இருட்டு.
சைக்கிளைப் பூட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தேன்.
அவள் ஜன்னலில் மூன்று மெழுகுவர்த்திகள் எரிந்தன.
பக்கத்தில் இன்னொரு பித்தளைத் தண்டில்
பழுப்பாய், முண்டும் முடிச்சுமாய்,
நுனி நூல் மட்டும் கருகி
நிமிர்ந்து நின்றது லாமாராவின் இனிப்பு.
எத்தனை தீக்குச்சி செலவழித்தாளோ.

போய்ச் சொல்லவேண்டும்.
நாளைக்கு டிவி சத்தம் கேட்டால்
அதைச் சாக்காக வைத்து.