மூன்று வெளியே, இரண்டு உள்ளே

முதலில் உதடு போனது,
பல் பிடுங்கிய பின் வருமே, அந்த மரப்பு.
சிரித்தேன்.
ஈரல் நன்றாகத்தான் இருந்தது என்று
சயோவிடம் சொல்ல வாயெடுத்தேன்,
சொல் பாதியில் குழைந்தது.

உரிமம் இல்லாதவன் அந்த மீனை அறுக்கக் கூடாது.
ஷிமோனொசெகியில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும்.
அவள் பையில் முடிச்சிட்டு எறிந்ததை
அவிழ்த்து எடுத்தவன் நான்,
பேத்தை தின்ற பேதை.

விரல், முழங்கை, தொடை.
ஒவ்வோர் அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு
யாரோ எனக்குள் நடந்து போனார்கள்.
ஆம்புலன்ஸில் மூச்சும் அணைந்தது.
நான் மட்டும் அணையவில்லை.

இமைகளை டேப் ஒட்டி மூடினார்கள்.
எந்திரம் எனக்காக மூச்சு விட்டது,
நான் விடுவதைவிட ஒழுங்காக.
ஒகாதா என்ற நர்ஸ் மட்டும்
"இடப்பக்கம் திருப்புகிறேன், மோரிவாகி சான்"
என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டே திருப்பினாள்.
மற்றவர்கள் என் மேல் பேசினார்கள்,
சாப்பாட்டு மேஜைக்கு மேலே பேசுவது போல.

மச்சான் தெத்சுரோ:
படகை விற்றால் கடனில் பாதி அடையும்.

சயோ வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு,
"போன வசந்தத்திலேயே நான் பெட்டி கட்டிவிட்டேன்.
ஹகாதாவுக்கு டிக்கெட்கூட எடுத்திருந்தேன்."

கத்தினேன்.
கத்தல் மூளையில் கிளம்பி
கழுத்தோடு நின்றுபோனது.

எட்டாம் நாள் டாக்டர் ஹிரோஸே
கேன்டீன் ரசீதைத் திருப்பிப் போட்டு வரைந்தார்.
இரண்டு வரிசைக் குண்டூசிகள்.
தலைகள் தண்ணீர்ப் பக்கம்,
வால்கள் தண்ணீருக்கு அஞ்சி நடுவில்,
ஒன்றின் முகத்தில் ஒன்று.
ஆணி இல்லை, சாந்து இல்லை, ஓடிக்கொண்டே நிற்கும் எண்ணெய்ச் சுவர்.
பத்தாயிரம் சுவர்களை அடுக்கினால்
ஒரு தலைமுடியின் கனம் வரும்.
"ஒவ்வொரு செல்லுக்கும் இதுதான் எல்லை" என்றார்.

சுவரில் கதவுகள்.
நரம்பில் ஒரு கதவு திறந்தால்
வெளியே காத்திருக்கும் சோடியம் உள்ளே பாயும்,
அந்தப் பாய்ச்சல் பக்கத்துக் கதவைத் தட்டும்,
அது அதற்கடுத்ததை.
விரலை மடக்கு என்ற கட்டளை
இப்படி உப்பில் நனைந்த வதந்தியாகத்தான்
கைக்குப் போய்ச் சேருகிறதாம்.

"நஞ்சு எதையும் உடைக்கவில்லை.
வெளியிலிருந்து வந்து
கதவின் வாயில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்."

மீன் மட்டும் எப்படிப் பிழைத்தது?
அதன் கதவு வேறு வார்ப்பு.
அப்படியானால் என் இதயம்?

பேனாவை மூடினார்.
இதயத்தின் கதவிலும் ஓரெழுத்து மாறியிருக்கிறது,
நஞ்சு அதில் சரியாகப் பொருந்தாது.

ஓரெழுத்து.
அச்சுப்பிழை போன்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு
ஓர் இரவு முழுக்கத் தொங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார், போகிற போக்கில்.
கதவெல்லாம் அடைபட்டுக் கிடந்தபோதும்
சுவரில் ஓர் இறைப்பான் ஓயவே இல்லையாம்.
மூன்று சோடியம் வெளியே,
இரண்டு பொட்டாசியம் உள்ளே.
கேட்பாரில்லை, கூலிக்குக் கொஞ்சம் சர்க்கரை எரியும்,
மூன்று வெளியே,
இரண்டு உள்ளே.
என்றாவது கதவு திறக்கும்போது
பாய்வதற்கு ஏதாவது வேண்டுமே.

இருபத்தாறாம் மணியில் இடக்காலின் சுண்டுவிரல் அசைந்தது.
ஒகாதாதான் பார்த்தாள்.

சயோ வந்தாள். ஆரஞ்சு உரித்தாள்.
வெள்ளை நாரை முழுவதும் எடுத்த பிறகு
தலை நிமிராமல் கேட்டாள்:
"உள்ளே ஏதாவது கேட்டதா?"

ஜன்னலில் கன்மோன் நீரிணை,
நாளைக்கு நான்கு முறை திசை மாறும் தண்ணீர்,
அப்போதுதான் எந்தப் பக்கமும் போகாமல் நின்றிருந்தது.

"இல்லை" என்றேன்.
ஒரு சுளையை என் வாயில் வைத்தாள்.
உதட்டில் அதன் புளிப்பு தெரிந்தது.

வீட்டில் அலமாரிக்கு மேலே
அந்தப் பெட்டி இருக்கிறது.
கனமா, காலியா என்று
தூக்கிப் பார்க்கவில்லை, இன்று வரை.